ஈரம் ஊறும் வளவில் எந்தச் செடி நடலாம்? கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மே மாத மழை தொடங்கிவிட்டால் கொழும்பில் பல வீடுகளின் பின்வளவு ஒரு கிழமைக்குக் கால் வைக்க முடியாத சேறாகிவிடும். தெஹிவளையில் வாய்க்கால் பக்கமாக இருக்கும் எங்கள் எட்டுப் பேர்ச் காணியும் அப்படித்தான். வீடு போக மிஞ்சியது பின்பக்கத்தில் ஒரு நீளத் துண்டு. அதில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த முருங்கைத் தடியை நட்டார். அழகாகத் தளிர்த்தது. அடுத்த மழைக்கு அடி அழுகிச் சாய்ந்தது. பிறகு மாதுளை நட்டோம். இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாய் உதிர்ந்தது. வேலைக்கு வந்த ஐயா, "இந்த மண்ணிலை ஒண்டும் வராது தம்பி, சீமெந்து போட்டு மூடிவிடுங்கோ" என்றார்.

அவர் சொன்ன அதே நாளில் மதிலுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரச் சேற்றில், ஆள் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. யாரும் தண்ணீர் விட்டதில்லை, உரம் போட்டதில்லை. ஊதா நிறத்தில் பெரிய பெரிய பூக்கள், அவற்றைச் சுற்றிக் கருவண்டுகள். அதுதான் போவிட்டியா. எங்கள் மண்ணில் ஒரு குறையும் இல்லை, அந்த மண்ணுக்கு உரிய செடியைத்தான் நாங்கள் நடவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ஈரமான வளவு வைத்திருப்பவர்கள், இந்த நாட்டுக்கே உரிய செடிகளை நட்டு, பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தவளைக்கும் இடம் கொடுப்பது எப்படி என்பதே விடயம். தோட்டக்கலை எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

"உள்நாட்டுச் செடி" என்றால் என்ன?

மனிதர் யாரும் கொண்டுவராமல், தானாகவே நெடுங்காலமாக ஒரு நிலத்தில் வளர்ந்துவரும் செடி அந்த நிலத்தின் உள்நாட்டுச் செடி. இலங்கையில் பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ 3,150 வகை இப்படி இருக்கின்றன. அவற்றில் கால் பங்குக்கும் மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. நாம் மதிலோரம் வழக்கமாக நடும் பொகன்வில்லாவும் குரோட்டனும் இந்தக் கணக்கில் வராது. பொகன்வில்லா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, குரோட்டன் கிழக்கே இந்தோனேசியத் தீவுகள் பக்கமிருந்து வந்தது. செவ்வரத்தையும் வெளியிலிருந்து வந்ததே.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பலர் தவறவிடுவது இதைத்தான். இலங்கைச் செடி என்பதற்காக அது கொழும்புக்குப் பொருந்திவிடாது. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் அதைவிடக் கடுமையான இடிமழை. யாழ்ப்பாணத்தில் பெய்வது இதில் பாதியளவுதான், அதுவும் பெரும்பாலும் வருடக் கடைசி மாதங்களில். அங்கே வேலிக் கதியாலாக நிற்கும் கிளுவை மாதக்கணக்கான வெயிலைத் தாங்கப் பழகியது. சேற்றைத் தாங்க அல்ல. அதனால் கொழும்பு வளவுக்குச் செடி தேடும்போது "இலங்கையில் வளருமா" என்று கேட்பது போதாது. "ஈர வலயத் தாழ்நிலத்தில் தானாக வளருமா" என்று கேட்க வேண்டும்.

கொழும்பு நகரமே சதுப்பு நிலத்தின் மேல் அமர்ந்த ஊர். 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் "ஈரநில நகரம்" என்று முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகானை, தியசரு, தலங்கமை, கொலன்னாவை, பெல்லன்வில–அத்திடிய என்று இன்னும் மிஞ்சியிருக்கும் சதுப்புகளில் நீர்ப்பறவைகள் மட்டுமல்ல, மீன்பிடிப் பூனையும் வாழ்கிறது. ஒரு சதுப்புக்கும் அடுத்த சதுப்புக்கும் நடுவில் இருப்பவை நம் வீடுகளும் வளவுகளும்தான். ஒரு கொண்டைக்குருவியோ கானாங்கோழியோ ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில் இறங்க ஒரு புதர் வேண்டும். சீமெந்துத் தரையில் அது இறங்காது.

செடி எப்படி உயிர்களைத் தாங்குகிறது?

பூ இருந்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். அது பாதி உண்மை. பூவுக்கு வருவது வளர்ந்த பூச்சி. அதற்குத் தேன் போதும். அதன் புழுவுக்கு வேண்டியது இலை. எந்த இலையும் அல்ல, குறிப்பிட்ட சில செடிகளின் இலை.

காரணம் இதுதான். செடியால் ஓட முடியாது. அதனால் தன் இலையில் கசப்பும் நஞ்சும் வைத்துத் தன்னைக் காக்கிறது. ஒவ்வொரு செடிக்கும் அதன் மருந்து வேறு. ஒரு பூச்சியினம் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு செடியோடு சேர்ந்து வாழ்ந்து, அந்த ஒரு மருந்தைச் சமாளிக்கப் பழகிக்கொள்கிறது. கறிவேப்பிலையிலும் தேசியிலும் வளரும் புழு குரோட்டன் இலையில் பட்டினியால் செத்துவிடும். வேறு நாட்டிலிருந்து வந்த செடியை நம் பூச்சிகளில் பெரும்பாலானவற்றால் தின்ன முடியாது. வருடம் முழுவதும் ஒரு ஓட்டைகூட இல்லாமல் பளபளவென்று நிற்கும் வேலியைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். அந்த வேலியில் யாருக்கும் சாப்பாடு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

புழு இல்லாவிட்டால் குருவியும் இல்லை. தேன் குடித்து வாழும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குச் சிலந்தியும் சிறு பூச்சியும் பிடித்துத்தான் ஊட்டுகிறது. பழம் தின்னும் கொண்டைக்குருவியும் அப்படியே. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும்.

ஆகவே ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இலையை யார் தின்பார்கள், பூவுக்கு யார் வருவார்கள், பழம் யாருக்கு, அதற்குள் யார் ஒளிந்துகொள்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான்குக்கும் பதில் உள்ள செடி அரிது. இரண்டுக்குப் பதில் இருந்தாலே அதை வாங்கலாம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நர்சரிக்குப் போவதற்கு முன் ஒரு பெருமழை நாளில் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மழை பெய்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வடிந்துவிடும் இடம் ஒன்று. நாள்கணக்கில் சதசதவென்று இருக்கும் இடம் இன்னொன்று. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில், வெயிலே படாமல் பாசி பிடித்து நிற்கும் ஒடுக்கமான இடம் மூன்றாவது. கொழும்பில் அநேகமாக எல்லா வீட்டிலும் இந்த மூன்றாவது உண்டு. கிணற்றடியையும் ஏ.சி. இயந்திரத்தின் தண்ணீர் சொட்டும் மூலையையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கண்ணால் தெரியாவிட்டால் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் இன்னொரு தடவை நிரப்புங்கள். இரண்டாம் தடவைதான் கணக்கு. சில மணித்தியாலத்தில் வடிந்தால் கவலையில்லை. அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது சதுப்பு இயல்புள்ள மண். வெட்டிய மண் சாம்பல் நிறமாக, கூழ்முட்டை நாற்றத்தோடு வந்தால் உள்ளே காற்றே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். முருங்கை அழுகியது தண்ணீர் கூடியதால் என்று சொல்கிறோம். உண்மையில் வேர் மூச்சுத் திணறித்தான் செத்தது. மண்ணிடுக்குகளில் இருக்க வேண்டிய காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. சதுப்புச் செடிகள் இதைச் சமாளிக்க வழி வைத்திருக்கின்றன. வறண்ட நிலத்துச் செடிகளுக்கு அந்த வழி இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கொழும்புப் பக்கத்தில் பல காணிகள் தாழ்நிலத்தைக் கபூக் மண் கொட்டி உயர்த்தியவை. அந்தச் செம்மண் புளிப்புத்தன்மை உள்ளது. ஓயாத மழை சுண்ணாம்பை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுவதால் ஈர வலய மண்ணே பொதுவாகப் புளிப்பானது. நம் உள்நாட்டுச் செடிகளுக்கு அது பழகிய மண். ஆனால் வீடு கட்டிய மேசன்மார் மிச்சச் சீமெந்தையும் சாந்தையும் மதிலடியில் புதைத்துவிட்டுப் போயிருந்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்புத் தன்மையாக மாறியிருக்கும். அங்கே நட்ட செடியின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாக வரும். உரம் போட்டுத் தீராது. கட்டிடக் கழிவைத் தோண்டி எடுக்க வேண்டும்.

செடிகள்

போவிட்டியாவிலிருந்தே தொடங்குகிறேன். மஹா போவிட்டியா என்று சிங்களத்தில் சொல்வது மெலஸ்டோமா மலபாத்ரிகம். ஆறேழு அடி உயரம் வரும். இலையை உற்றுப் பார்த்தால் அடியிலிருந்து நுனி வரை நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடும். அதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். வெயிலும் ஈரமும் புளிப்பு மண்ணும் சேர்ந்த இடத்தில் இதற்கு நிகர் இல்லை. பல செடிகளுக்கு நஞ்சாகும் அலுமினியத்தைக்கூட இது தன் இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு நன்றாக வளரும்.

இதன் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே, அதுவும் சும்மா கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பையின் நுனியில் ஊசித் துளை போல ஒரு சிறு வாசல் இருக்கிறது. கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துத் தன் உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே பீறிட்டு வரும். காலையில் செடியருகே நின்றால் ரீங்காரத்தின் சுருதி திடீரென்று மாறுவதைக் கேட்கலாம். நான் தேநீர்க் கோப்பையோடு எத்தனையோ காலை அந்தச் செடியருகே நின்றிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. பழம் பழுத்து வெடித்ததும் உள்ளே கருநீலச் சதை தெரியும். பூக்கொத்திக் குருவிகளும் கொண்டைக்குருவிகளும் அதற்கு வரும். பிள்ளைகள் தின்றால் நாக்குக் கறுத்துவிடும். மெலஸ்டோமா என்ற கிரேக்கப் பெயருக்கே கறுத்த வாய் என்றுதான் பொருள்.

இதன் சின்ன உறவு ஹீன் போவிட்டியா. உலகிலேயே இலங்கையில் மட்டும் உள்ள செடி. ஈரலுக்கு நல்லது என்று இதன் இலையில் கஞ்சி காய்ச்சுவார்கள். இடம் குறைவாக இருந்தால் இதை நடலாம்.

அடுத்தது வெள்ளிலை, முசாண்டா ப்ரொண்டோசா. இதன் உண்மையான பூ மிகச் சிறியது, செம்மஞ்சள் நட்சத்திரம் மாதிரி. அதை அடுத்து வெள்ளை வெளேரென்று ஒரு இலை தொங்கும். அது இலையல்ல, பூவின் புறவிதழ் ஒன்று பெருத்து அப்படி ஆகிவிட்டது. தூரத்திலிருந்தே பூச்சிகளை அழைக்கும் கொடி அது. ஈரமும் அரை நிழலும் உள்ள இடத்தில் மதில்மேல் சாய்ந்து வளரும்.

இதை நான் விரும்புவதற்குக் காரணம் இதன் இலை. கொமாண்டர் என்ற செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சி, சிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடுவது, இதில்தான் முட்டையிடும். புழு இலையின் இரு பக்கத்தையும் தின்று நடுநரம்பை மட்டும் விட்டுவைக்கும். தன் எச்சத்தையும் இலைத் துணுக்குகளையும் அந்த நரம்பில் கோத்துத் தொங்கவிட்டு, அந்தக் குப்பைக்கு நடுவில் தானும் ஒரு காய்ந்த துணுக்கு மாதிரி அசையாமல் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது நோய் பிடித்த இலை என்று கிள்ளி எறியப் போனேன். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். நர்சரியில் முசாண்டா என்று கேட்டால் பெரும்பாலும் ரோஜா நிறத்தில் முழுக் கொத்தும் விரிந்த கலப்பினத்தைத்தான் காட்டுவார்கள். கண்ணுக்கு அழகு, ஆனால் நாம் தேடுவது அதையல்ல. ஒற்றை வெள்ளை "இலை"யும் சின்னச் செம்மஞ்சள் பூவும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்சியைத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகைவர் ஆநிரையைக் கவரப் போன வீரர் சூடிய பூ, ஒரு திணைக்கே பெயர் தந்த பூ. கொழும்பில் எக்ஸோரா என்றோ சிங்களத்தில் ரத்மல் என்றோ கேட்டால் கிடைக்கும். இக்ஸோரா கொக்சீனியா என்ற இந்தச் சிவப்பு வகை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. பூவின் குழல் நீளமும் ஒடுக்கமும் ஆனதால் நீண்ட உறிஞ்சிக் குழாய் உள்ள பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்குத்தான் தேன் எட்டும். கருநீலச் சிறகோடு கை அகலத்துக்குப் பறந்து வரும் நீல மோர்மன் எங்கள் வளவுக்கு வருவது இதற்காகவே. வாலில் இழை தொங்கும் ஒரு சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு இதன் இலையைத் தின்னும். பழுத்த சிவப்புப் பழங்கள் குருவிகளுக்கு. ஆனால் வெட்சி சேற்றில் நிற்காது. மழைத் தண்ணீர் சில மணித்தியாலத்தில் வடியும் இடத்தில், கொஞ்சம் மேடாக்கி நடுங்கள். சீமெந்துக் கழிவு உள்ள மண்ணில் மஞ்சளாகிப் போகும் செடி முதலில் இதுதான்.

மதிலோர நிழலுக்குப் பாவட்டை. பவெட்டா இண்டிகா. வெட்சியின் குடும்பம்தான், பூ வெள்ளை. ஒவ்வொரு பூவிலிருந்தும் ஒரு நீண்ட ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தி சாயும்போது மணக்கத் தொடங்கும், இரவு விட்டில்கள் வரும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும். நோயில்லை. இலைக்குள் குடியிருக்கும் பக்டீரியாவின் வீடுகள் அவை. அதே நிழலில் நளுகும் வரும் (லீயா இண்டிகா). அகலமான கூட்டிலை, பச்சை வெள்ளைப் பூங்கொத்து, கறுத்த பழம். நளுகின் சிறு பூக்களுக்குக் குளவியும் தேனீயும் ஈயும் வண்ணத்துப்பூச்சியும் கலந்து வரும். ஆனால் பத்தடிக்கு மேல் வளரக்கூடியது, ஒடுக்கமான சந்துக்குள் நட வேண்டாம்.

பெருகிலை, சிங்களத்தில் பின்ன, கிராமத்து வீதியோரங்களில் நிறைய நிற்கும். இளஞ்சிவப்புத் தொண்டையுள்ள வெள்ளைப் பூ. பூ உதிர்ந்ததும் சிவப்பாக விரியும் புறவிதழுக்கு நடுவில் கருநீலக் காய். அழகான செடி, வண்ணத்துப்பூச்சிகளுக்கு மிகவும் பிடித்தது. வேரிலிருந்து குட்டி விட்டுப் பரவும் என்பதால் எட்டுப் பேர்ச் காணிக்குள் அடக்கி வைக்க வேண்டியிருக்கும். நான் அதைப் பெரிய சீமெந்து வளையத்துக்குள் நட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடற்காற்று படும் இடங்களுக்கும், வாய்க்கால் தண்ணீர் கொஞ்சம் உவராக உள்ள ஓரங்களுக்கும் சங்கங்குப்பி. உப்பைத் தாங்கும், கத்தரித்தால் நெருக்கமான வேலியாகும். வெள்ளைப் பூவிலிருந்து ஊதா இழைகள் நீட்டி நிற்கும். வெளிநாட்டு வேலிச் செடிகளுக்குப் பதிலாக இதை ஏன் யாரும் நடுவதில்லை என்று எனக்கு எப்போதும் ஆதங்கம்.

எப்போதும் சேறாகவே உள்ள, இடமும் தாராளமாக உள்ள ஓரங்களுக்கு நீர்ப்பருத்தியும் தாழையும். நீர்ப்பருத்திப் பூ காலையில் மஞ்சள், மாலையில் செம்மஞ்சள், உதிரும்போது சிவப்பு. ஆனால் இரண்டும் பெருத்துவிடும். சிறு காணிக்காரர் அவற்றைப் பெத்தகானையில் போய்ப் பார்த்துவிட்டு வருவதே நல்லது. சதுப்போரம் தானாக முளைக்கும் காட்டரளியையும் சிலர் அழகுக்காக வீட்டில் வைக்கிறார்கள். உள்நாட்டு மரம்தான். ஆனால் அதன் விதை இதயத்தை நிறுத்தக்கூடிய கொடிய நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தானாக வளர்வதெல்லாம் நம்முடையதல்ல

வாய்க்கால் ஓரத்தில் செழிப்பாக நிற்கிறதே என்று கண்டதைப் பிடுங்கிவந்து நடுவதில் ஒரு ஆபத்து உண்டு. கொழும்புச் சதுப்புகளில் இன்று அடர்ந்து நிற்பவற்றில் பல அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்கள். அன்னமுன்னாவின் உறவான வெல் அத்தா அமெரிக்க வெப்ப வலயத்திலிருந்து வந்து சதுப்புகளை மூடிக்கொண்டிருக்கிறது. நாயுண்ணி 1826இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக அழகுச் செடியாக இலங்கைக்குள் வந்தது. இன்று அது இல்லாத மாவட்டம் இல்லை.

குறிப்பாக இரண்டில் ஏமாந்துவிடாதீர்கள். ஒன்று தியபர. பெரிய மஞ்சள் பூ, அகன்ற இலை, சேற்றில் அற்புதமாக வளரும், பழம் வெடித்தால் சிவப்பு விதைக்குக் குருவிகள் பறந்து வரும். பார்க்கிறவர்கள் இதைவிட நல்ல செடி உண்டா என்று கேட்பார்கள். போர்னியோ, மலேசியாப் பக்கத்துச் செடி அது. குருவிகளே அதன் விதையைச் சதுப்பெங்கும் கொண்டுபோய்ப் போடுகின்றன, அது அடர்ந்த இடத்தில் வேறெதுவும் முளைப்பதில்லை. குருவி தின்கிறது என்பதால் மட்டும் ஒரு செடி நல்லதாகிவிடாது. அது எங்கே போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மற்றது கிளைடீமியா. போவிட்டியாவின் குடும்பமே, அதே மாதிரி நரம்பு ஓடும் இலை. பிரித்தறிவது எளிது. தண்டும் இலையும் நீண்ட மயிர் அடர்ந்து இருக்கும், பூ சின்னதாக வெள்ளையாக இருக்கும். போவிட்டியாவின் பூ பெரியது, ஊதா. பூ வரும்வரை காத்திருந்து உறுதி செய்துகொண்டு நடுங்கள்.

நுளம்பும் பாம்பும்

புதர் வைக்கப் போகிறேன் என்றதும் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது டெங்கைப் பற்றித்தான். நியாயமான கேள்வி. 2017இல் மட்டும் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது ஈர மண்ணிலோ வடியும் சேற்றிலோ அல்ல. பூச்சாடித் தட்டு, சிரட்டை, யோகட் கோப்பை, கூரைப் பீலி போன்றவற்றில் தேங்கும் தண்ணீரில்தான். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வளவைச் சுற்றி அப்படியான பாத்திரங்களைக் கவிழ்ப்பது கட்டாயம், புதர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இலையிடுக்கில் தண்ணீர் பிடித்துவைக்கும் அன்னாசி இன அழகுச் செடிகளைத் தவிருங்கள். வளர்ந்த நுளம்பு பகலில் நிழலில் தங்கும் என்பதும் உண்மை, ஆகவே யன்னலுக்கு நேர் கீழே அடர்ந்த புதர் வேண்டாம்.

பாம்புக்குப் பயப்படுபவர்கள் வீட்டுச் சுவருக்கும் முதல் செடிக்கும் நடுவில் மூன்று அடி வெறுமையாக விட்டுக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை வெளியில் போடாமல் இருந்தால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்புக்கு வேலையில்லை.

நடுவது

எங்கிருந்து எடுப்பது? காடுகளிலும் சரணாலயங்களிலும் பிடுங்க வேண்டாம். பெல்லன்வில–அத்திடிய 1990இலிருந்து சரணாலயம். அங்கே ஒரு கன்றைத் தொடுவதும் தவறு. தெரிந்தவர் வளவிலிருந்து தடி வாங்குவது மிக நல்ல வழி. வெள்ளிலை, வெட்சி, சங்கங்குப்பி மூன்றும் பென்சில் பருமனான முற்றாத தடியிலிருந்து வேர்விடும். அரையடி நீளத்துக்கு வெட்டி, மேலே இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளி, மணலும் தும்புச்சோறும் கலந்த சாடியில் நிழலில் வையுங்கள். போவிட்டியாவைப் பழுத்த பழத்தைப் பிசைந்து விதைத்தும் எடுக்கலாம். விதை தூசி மாதிரிச் சின்னது, மண்ணால் மூட வேண்டாம், மேலே தூவினால் போதும்.

காலம் முக்கியம். மழை தொடங்கியதும் நடுவதுதான் நம் பழக்கம். வடியும் நிலத்துக்கு அது சரி. தண்ணீர் நிற்கும் நிலத்தில் நான் அப்படிச் செய்வதில்லை. புதுக் கன்றின் வேர் மண்ணைப் பிடிப்பதற்குள் வெள்ளம் வந்தால் அது அழுகிவிடும். பெப்ரவரி, மார்ச்சில் நட்டு இரண்டு மாதம் கையால் தண்ணீர் விட்டு வளர்த்தால் மே மாதச் சேற்றுக்கு அது தயாராக நிற்கும்.

குழிக்குள் நிறைய எரு போடாதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் இறுகிய மண்ணுக்கு நடுவில் எரு நிரப்பிய குழி ஒரு வாளி மாதிரித் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெட்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, சுற்றியுள்ள மண்ணையும் இழுத்து அரை அடி முதல் ஒரு அடி வரை மேடாக்கி, அதன்மேல் நடுங்கள். காய்ந்த இலையை மேலே பரப்புங்கள், தண்டில் முட்டாமல். செடிக்குச் செடி மூன்று நான்கு அடி. உயரமானதைப் பின்னாலும் ஹீன் போவிட்டியா போன்றதை முன்னாலும் வைத்தால், கீழிருந்து மேல்வரை பச்சை மூடிய ஒரு புதர் வரும். தையல்சிட்டு கூடு தைப்பதும் கானாங்கோழி பதுங்குவதும் அப்படிப்பட்ட மூடலுக்குள்தான். ஒரே செடியை வரிசையாக நடுவதைவிட மூன்று நான்கு வகையைக் கலந்து நடுவது எனக்குப் பிடிக்கும். ஒன்று பூக்காத மாதத்தில் இன்னொன்று பூக்கும்.

பிறகு செய்யாமல் விட வேண்டியவைதான் அதிகம். பூச்சி மருந்து அடிக்காதீர்கள். வெள்ளிலையில் ஓட்டை விழுந்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழம் தீர்ந்த பிறகே கத்தரியுங்கள், அதற்கு முன் கொத்துக்குள் கூடு இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். புதருக்குக் கீழே விழும் சருகைக் கூட்டவே வேண்டாம். அந்த ஈரச் சருகுக்குள் மண்புழுவும் பூச்சியும் இருக்கும். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரல் வரை இங்கே தங்கும் ஆறுமணிக்குருவி அதைக் கிளறித்தான் இரை தேடும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, வால் கட்டையான குருவி. விடியல் ஆறு மணிக்கும் அந்தி ஆறு மணிக்கும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். எங்கள் வளவில் நட்டு மூன்றாவது வருட நவம்பரில், நளுகுக்கு அடியில் அம்மாதான் அதை முதலில் கண்டார். யன்னலோரம் நின்று கையைக் காட்டி எங்களை அசையாமல் நிற்கச் சொன்னார். அது சருகை ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டே மதிலடிவரை போய், பாவட்டைக்குள் நுழைந்து மறைந்தது.